முதியோர் இல்லத்தில் அம்மா: குளியல், தலைமுடி, நகம், வாய்ச் சுத்தம் பற்றிக் கேட்டவருக்கு

கேள்வியைச் சுருக்கிச் சொல்லிவிட்டுப் பதிலுக்கு வருகிறேன். கேட்டவரின் அம்மாவுக்கு 84 வயது. தென்னாப்பிரிக்காவில், டர்பன் பக்கம் ஒரு முதியோர் இல்லத்தில் எட்டு மாதமாக இருக்கிறார். பக்கவாதத்தில் இடது கையும் காலும் விழுந்துவிட்டன. மறதியும் இருக்கிறது. வாரத்துக்கு மூன்று நாள்தான் குளிப்பாட்டுகிறார்கள். அதற்கும் கத்துகிறார், அடிக்கிறார். பக்கத்தில் உட்கார்ந்தால் ஒரு வாடை வருகிறது. நகம் வளர்ந்து கிடக்கிறது. போன மாதம் போய்ப் பார்த்தால், இடுப்பு வரை இருந்த முடியைக் காது மட்டத்துக்கு வெட்டியிருக்கிறார்கள்; வீட்டில் யாரையும் கேட்கவில்லை. "இது அலட்சியமா, இல்லை எல்லா இடத்திலும் இப்படித்தானா? நான் என்ன கேட்கலாம், நானே என்ன செய்யலாம்?" என்கிறார்.

நான் ஓய்வுபெற்ற நர்ஸ். டர்பனில் நம்மவர்கள் நிறைய வாழும் சாட்ஸ்வொர்த்திலும் ஃபீனிக்ஸிலும் முதியோர் இல்லங்களில் வேலை பார்த்தவள்; பிறகு கேர்கிவர் வேலைக்கு வரும் பெண்களுக்குப் பயிற்சியும் கொடுத்திருக்கிறேன். பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வாரத்துக்கு மூன்று குளியல் என்பது அலட்சியம் இல்லை. கேட்காமல் முடியை வெட்டியது தப்பு. அதை நீங்கள் விடக் கூடாது. அம்மா கத்துவதும் அடிப்பதும் பெரும்பாலும் வலியாலோ பயத்தாலோதான். காரணத்தைத் தேடாமல் "அவர் குணம் அப்படி" என்று எழுதி வைத்திருந்தால், இல்லத்தின் பெரிய குறை அங்கேதான் இருக்கிறது. எத்தனை தடவை குளிப்பாட்டினார்கள் என்று நாம் எண்ணிக்கொண்டிருக்கிறோம். யாரைக் குளிப்பாட்டுகிறோம் என்று தெரிந்துதான் குளிப்பாட்டுகிறார்களா என்று கேட்பதில்லை.

எண்ணிக்கையை முதலில் முடித்துவிடுவோம். டர்பன் புழுக்கத்தில் வளர்ந்த நமக்குத் தினக் குளியல் இல்லாமல் நாள் ஓடாது. ஆனால் எண்பது வயதுத் தோல் மெல்லியது, எண்ணெய்ப் பசை குறைந்தது. ஆரோக்கியமான தோல் லேசான அமிலத் தன்மை உள்ளது, பிஎச் 5.5 அளவில். சாதாரணக் கட்டிச் சோப்பு காரம். தினமும் சோப்புப் போட்டுத் தேய்த்தால் தோல் வறளும், அரிக்கும். சொறிந்து சொறிந்து புண்ணாகும். அதனால் வாரத்துக்கு இரண்டு மூன்று முழுக்குளியல் போதும். ஆனால் முகம், கை, அக்குள், மார்பின் அடிப்பகுதி, தொடை இடுக்கு, கீழ்ப்பகுதி, பாதம் ஆகியவற்றைத் தினமும் கழுவித் துடைக்க வேண்டும். குளியல் இல்லாத நாளில் இது நடக்கிறதா என்பதுதான் நீங்கள் கேட்க வேண்டிய கேள்வி. பல இல்லங்களில் குளியல் நாளுக்கு அட்டவணை இருக்கும், மற்ற நாளுக்கு எதுவும் இருக்காது.

இங்கே கோடையான டிசம்பர் முதல் பிப்ரவரி வரை இன்னும் கவனம் வேண்டும். வியர்வை மடிப்புகளில் தங்கி, மார்புக்கு அடியிலும் தொடை இடுக்கிலும் பூஞ்சை பிடிக்கும். சிவந்து, ஓரத்தில் சின்னச் சின்னப் பொரிகளோடு, புளித்த வாடையோடு இருந்தால் அதுதான்; சிஸ்டரிடம் சொன்னால் களிம்பு எழுதி வாங்கலாம். மடிப்பில் பவுடர் கொட்டாதீர்கள், ஈரத்தோடு சேர்ந்து கட்டியாகி உரசும். மெல்லிய துணியால் ஒற்றி ஒற்றி உலர்த்தினாலே பாதி வேலை முடிந்தது. குளிக்கிற தண்ணீரில் டெட்டால் மாதிரி கிருமிநாசினி ஊற்றும் பழக்கம் நம் வீடுகளில் நிறைய இருக்கிறது. முதிய தோலுக்கு அது வேண்டாம், எரிச்சல்தான் மிச்சம். சோப்புக்குப் பதிலாக அக்குவஸ் கிரீம் என்ற மென்மையான தோல் கிரீமைத் தேய்த்துக் கழுவலாம். எந்த மருந்துக் கடையிலும் கிடைக்கும். அதைக் கழுவாமல் அப்படியே பூசி விட்டால் சிலருக்கு எரியும். ஈரப்பதத்துக்குப் பூச வாஸ்லீன் போதும்.

இனி அந்த வாடை. வாடை வந்தாலே குளிப்பாட்டவில்லை என்று நினைக்கிறோம். நான் முதலில் பார்ப்பது வீல்சேரின் மெத்தையை. ஒருநாள் ஒழுகி, உறையை மட்டும் துவைத்து உள்ளே இருக்கும் பஞ்சை விட்டிருப்பார்கள். மனிதர் சுத்தமாக இருப்பார், நாற்காலி நாறும். அடுத்து வாய். அடுத்து, விழுந்த கையின் உள்ளங்கை. அதைப் பற்றிக் கீழே சொல்கிறேன். கடைசியாக டயபர். எத்தனை மணிக்கு ஒருமுறை பார்க்கிறார்கள், இரவில் யார் பார்க்கிறார்கள் என்று கேளுங்கள். சிறுநீர் நனைந்த டயபரில் மணிக்கணக்காகக் கிடந்தால் தோல் வெந்துபோகும். மலம் பட்டால் இன்னும் சீக்கிரம். ஒவ்வொரு முறை மாற்றும்போதும் துத்தநாகக் களிம்பை மெல்லிசாகப் பூச வேண்டும். பழைய களிம்பை முழுக்கச் சுரண்டி எடுக்க வேண்டியதில்லை, அழுக்கான மேல்பூச்சு மட்டும் போனால் சரி. மாதத்துக்கு எத்தனை டயபர் வாங்கிக் கொடுக்கிறீர்கள், எத்தனை செலவாகிறது என்ற கணக்கே எல்லாவற்றையும் சொல்லிவிடும்.

அம்மா அடிப்பதைப் பற்றித்தான் அதிகம் எழுத வேண்டும்.

பக்கவாதத்தில் விழுந்த கையின் தோள்மூட்டு மிக எளிதில் வலியெடுக்கும். தசையின் பிடிப்பு இல்லாததால் மூட்டு லேசாக இறங்கிக்கூட இருக்கலாம். அந்தக் கையைப் பிடித்துத் தூக்கினாலோ, அக்குளில் கைகொடுத்து எழுப்பினாலோ உயிர் போகிற வலி. மறதி இருக்கிறவர் "தோள் வலிக்கிறது" என்று சொல்ல மாட்டார். கத்துவார், பிடித்துக் கிள்ளுவார், அடிப்பார். குளியலறைக்குப் போகும் வழியில் இது ஒவ்வொரு முறையும் நடந்தால், குளியல் என்றாலே வலி என்று உடம்பு நினைவில் வைத்துக்கொள்ளும். பேர் மறந்தாலும் இது மறக்காது. அதனால் முதல் காரியமாக டாக்டரிடமோ சிஸ்டரிடமோ தோளைப் பார்க்கச் சொல்லுங்கள். குளியலுக்கு அரைமணி, முக்கால்மணி முன்னால் பாராசிட்டமால் கொடுக்கலாமா என்றும் கேளுங்கள். உடை மாற்றும்போது ஒரு விதி உண்டு: போடும்போது விழுந்த கை முதலில், கழற்றும்போது விழுந்த கை கடைசியில். சரியான ஒழுங்கில் செய்தால் அந்தத் தோளை முறுக்கவே வேண்டாம்.

வலி இல்லையென்றால் பயம். அவர் பக்கமிருந்து நினைத்துப் பாருங்கள். விடியற்காலையில் யாரோ எழுப்புகிறார்கள், தெரியாத மொழியில் ஏதோ சொல்கிறார்கள், துணியை அவிழ்க்கிறார்கள், குளிர்ந்த டைல்ஸ் அறையில் சத்தத்தோடு முகத்தில் தண்ணீர் பீய்ச்சுகிறது. எண்பது வருடம் மானத்தோடு வாழ்ந்த பெண் கையை ஓங்காமல் வேறென்ன செய்வார்? சில இல்லங்களில் பகல் ஆட்களின் பளு குறையட்டும் என்று காலை நாலரை, ஐந்து மணிக்கே இரவு ஆட்கள் குளிப்பாட்டத் தொடங்குவதை நானே பார்த்திருக்கிறேன். உங்கள் அம்மாவுக்கு எத்தனை மணிக்கு நடக்கிறது என்று கேளுங்கள். ஐந்து மணி என்றால், பத்து மணிக்கோ சாயங்காலமோ மாற்றச் சொல்லுங்கள். இதற்குச் செலவு எதுவும் இல்லை.

செய்யும் முறையும் உண்டு. அறையை முன்கூட்டியே கதகதப்பாக்கி, டவல், மாற்றுத் துணி எல்லாம் எடுத்து வைத்த பிறகே அவரை அழைக்க வேண்டும். தண்ணீர் 38 முதல் 40 டிகிரிக்குள். முழங்கையாலோ மணிக்கட்டின் உட்பக்கத்தாலோ சோதித்துவிட்டு ஊற்ற வேண்டும். ஷவரை முகத்துக்கு நேரே பிடிக்கக் கூடாது. பாதத்தில் தொடங்கி மேலே வர வேண்டும். முகத்தையும் தலையையும் கடைசியில் ஈரத்துணியால் துடைத்தால் போதும், தலைக்குத் தனி நாள் வைத்துக்கொள்ளலாம். கழுவுகிற இடத்தைத் தவிர மற்ற உடம்பு டவலுக்குள் இருக்கட்டும். நல்ல கையில் ஒரு சின்னத் துணியைக் கொடுத்தால் தானே மார்பைத் துடைத்துக்கொள்வார்; கைக்கு வேலை இருந்தால் அடிக்கவும் தோன்றாது. கண்ணாடியில் தெரிவது தான்தான் என்று தெரியாமல், யாரோ பார்க்கிறார்கள் என்று மிரளுகிறவர்கள் உண்டு. கண்ணாடி மேல் ஒரு துண்டைப் போட்டுவிடலாம்.

இவ்வளவுக்கும் மசியவில்லையென்றால் படுக்கையிலேயே டவல் குளியல். வெதுவெதுப்பான தண்ணீரில், கழுவி எடுக்க வேண்டாத திரவச் சோப்பைக் கலந்து, பெரிய டவலை நனைத்துப் பிழிந்து, உடம்பின் மேல் போர்த்தி, அதன் மேலேயே நீவித் துடைப்பது. மேலே உலர்ந்த போர்வை. துணி அவிழ்ந்த உணர்வே இருக்காது. அமெரிக்காவில் 15 நர்சிங் ஹோம்களில் நடந்து 2004-ல் வெளியான ஓர் ஆய்வு உண்டு. ஆளுக்கேற்ப மாற்றிய ஷவரும் சரி, இந்த டவல் குளியலும் சரி, குளிக்கும்போது அடிப்பது, கிள்ளுவது மாதிரியான ஆக்ரோஷத்தைப் பாதிக்கும் மேல் குறைத்தன. டவல் குளியலில் அழுக்குப் போகாது என்று சொல்கிறவர்களுக்கு அந்த ஆய்வே பதில். தோல் மோசமாகவில்லை.

"இன்று மறுத்துவிட்டார்" என்று சார்ட்டில் ஒரு வரி எழுதிவிட்டுப் போவது ஒரு கெட்ட பழக்கம். அரைமணி கழித்து வேறொருவர் போய்க் கேட்டால் சிரித்துக்கொண்டே வருகிறவர்கள் எத்தனையோ பேர். மறுத்த பிறகு என்ன செய்தார்கள் என்பதும் எழுதப்பட வேண்டும் என்று சொல்லுங்கள். ஒன்று மட்டும் எச்சரிக்கை: ஒத்துழைத்துக்கொண்டிருந்தவர் திடீரென்று இரண்டு நாளில் மாறிவிட்டால், குழப்பமும் தூக்கமும் அதிகமானால், அது பிடிவாதம் இல்லை. சிறுநீர்த் தொற்று, மலச்சிக்கல், காய்ச்சல், புது மருந்து என்று ஏதாவது இருக்கும். டாக்டர் பார்க்க வேண்டும்.

நம்மவர்களுக்கே உரிய சில விஷயங்கள் கேர்கிவருக்குத் தெரிய வழியில்லை, நாம்தான் சொல்ல வேண்டும். கழிவறைக்குப் போனால் தண்ணீரில் கழுவித்தான் நமக்குப் பழக்கம். வெறும் பேப்பரால் துடைத்துவிட்டால் உடம்பு முழுக்க அசுத்தமான மாதிரி இருக்கும். அதைச் சொல்லத் தெரியாமல் கையால் தொட்டுப் பார்ப்பார், பிறகு "அசிங்கம் செய்கிறார்" என்று பேர் வரும். ஒரு சின்னச் சொம்போ, அழுத்தினால் பீய்ச்சும் பிளாஸ்டிக் பாட்டிலோ வாங்கிக் கொடுங்கள். அடியில் உறிஞ்சும் விரிப்பைப் போட்டு, வெதுவெதுப்பான தண்ணீரை முன்னாலிருந்து பின்னால் ஊற்றித் துடைக்க வேண்டும். பின்னாலிருந்து முன்னால் துடைத்தால் மலக்கிருமி சிறுநீர்ப் பாதைக்குப் போகும்; வயதான பெண்களுக்கு அடிக்கடி சிறுநீர்த் தொற்று வர இதுவும் ஒரு காரணம்.

நாள்களும் அப்படித்தான். நம் வீட்டுப் பெண்கள் வெள்ளிக்கிழமை தலைக்கு ஊற்றி வளர்ந்தவர்கள். அன்றைக்கு நகம் வெட்ட மாட்டார்கள், விளக்கு வைத்த பிறகும் வெட்ட மாட்டார்கள். இல்லத்து அட்டவணையில் நகம் வெட்டுவது வெள்ளி சாயங்காலம் என்று இருந்தால், உங்கள் அம்மா கையை இழுத்துக்கொள்வதில் என்ன ஆச்சரியம்? தலைக்குளியலை வெள்ளிக்கும் நகத்தைப் புதனுக்கும் மாற்றச் சொல்லுங்கள். எத்தனையோ மறந்தாலும் "இன்னிக்கு வெள்ளிக்கிழமை, தலைக்கு ஊத்திக்கலாம்" என்றால் எழுந்து வருகிறவர்களைப் பார்த்திருக்கிறேன்.

முடி விஷயத்தில் கோபப்படுங்கள், ஆனால் காரணத்தையும் கேளுங்கள். படுத்தே இருக்கிறவருக்குப் பின்மண்டை தலையணையில் உரசி, முடி சடை பிடித்துக் கட்டியாகிவிடும். சீப்பு ஏறாது. இழுத்தால் கத்துவார். அப்போது கத்தரிக்கோல் சுலபமாகத் தெரியும். நீளமான நேர்முடியைச் சீவிப் பழகாத பெண்கள் உச்சியிலிருந்து இழுத்துவிடுவார்கள். நுனியில் தொடங்கி, மேல்பாதியை ஒரு கையால் பிடித்துக்கொண்டு, கொஞ்சம் கொஞ்சமாக மேலே போக வேண்டும் என்று யாரும் சொல்லிக் கொடுத்திருக்க மாட்டார்கள். மறுபடி வளரும்போது, பின்னால் ஒற்றைச் சடை போடாமல் காதுக்கு முன்னால் வருகிற மாதிரி இரண்டு தளர்ந்த சடைகளாகப் போட்டால் தலையணையில் உரசாது, மண்டையிலும் அழுந்தாது. தேங்காய் எண்ணெய் நாலு சொட்டுப் போதும். உச்சி நிறைய வைத்தால் தலையணை பிசுக்காகும். முடி வெட்டவே கூடாது என்று நான் சொல்லவில்லை. சிலருக்குக் குட்டை முடி நிஜமாகவே நிம்மதி. ஆனால் அதை அவரிடம் கேட்டு, அவரால் சொல்ல முடியாவிட்டால் குடும்பத்தைக் கேட்டுச் செய்ய வேண்டும். இனிமேல் முடி, மூக்குத்தி, கழுத்தில் காதில் இருப்பது எதையும் எங்களைக் கேட்காமல் தொடக் கூடாது என்று எழுத்தில் கொடுங்கள். மெட்டி போட்டிருந்தால் மட்டும் நீங்களே கழற்றி வாங்கிக்கொள்ளுங்கள். கால் வீங்கினால் விரலை அறுத்துவிடும்.

பொட்டு வைப்பதிலும் கேட்டுத்தான் வைக்க வேண்டும். நல்லெண்ணத்தோடு ஒரு பெண் குங்குமம் வைத்துவிட, கணவர் இறந்ததிலிருந்து வைக்காதவர் நாள் முழுக்க அழுததுண்டு. அப்படிப்பட்டவர் சிலர் திருநீறு பூசிக்கொள்வார்கள், சிலர் கறுப்புப் பொட்டு வைப்பார்கள், சிலர் ஒன்றும் வைக்க மாட்டார்கள். மோவாயில் வளரும் முடியும் அப்படித்தான். வாழ்நாளெல்லாம் நூல் கட்டி எடுத்துவிட்டிருப்பார், இப்போது யாரும் கவனிக்க மாட்டார்கள். சின்ன மின் டிரிம்மர் ஒன்று வாங்கிக் கொடுங்கள், மேலே பேர் எழுதி. ரேசர் எதுவும் இன்னொருவருக்குப் போகக் கூடாது. எச்ஐவி, ஹெபடைடிஸ் பி இரண்டும் ரத்தம் வழியே பரவும் என்பதால் இதில் விதிவிலக்கே கிடையாது. வார்ஃபரின் மாதிரி ரத்தத்தை இளக்கும் மருந்து சாப்பிடுகிறவர்களுக்கு பிளேடே வேண்டாம், மின் ஷேவர்தான். அப்பாக்களை இல்லத்தில் வைத்திருக்கிறவர்கள் மீசையைப் பற்றித் தெளிவாகச் சொல்லி வையுங்கள். முகம் வழிக்கிறேன் என்று அதையும் சேர்த்து எடுத்துவிட்டால், மனிதர் கண்ணாடியைப் பார்க்கவே மறுப்பார்.

விழுந்த கை. விரல்கள் மடங்கி முஷ்டியாக இறுகிவிட்டால் உள்ளே வியர்வை தங்கி நாறும், நகம் உள்ளங்கையில் குத்திப் புண்ணாகும். மேலே சொன்ன வாடையில் பாதி இங்கேயிருந்து வரலாம். விரல்களை நேராகப் பிடித்து இழுத்துத் திறக்காதீர்கள், இன்னும் இறுகும். மணிக்கட்டை மெதுவாக உள்பக்கம் மடக்கினால் விரல்கள் தாமாகத் தளரும்; அப்போது கட்டைவிரல் பக்கத்திலிருந்து திறக்கலாம். வெதுவெதுப்பான தண்ணீரில் கொஞ்ச நேரம் கையை வைத்திருந்தால் இன்னும் சுலபம். கழுவி, விரலிடுக்கை உலர்த்தி, சுருட்டிய மெல்லிய துணியை உள்ளே வைக்க வேண்டும். இதை நீங்கள் போகும்போதே செய்யலாம். கைநகமும் அப்போதே நீங்கள் வெட்டலாம்.

கால்நகத்தைத் தொடாதீர்கள். நம் சமூகத்தில் சர்க்கரை நோய் இல்லாத வீடு குறைவு. சர்க்கரை உள்ளவருக்குக் காலில் உணர்ச்சி குறைந்திருக்கும், ரத்த ஓட்டமும் குறைந்திருக்கும். ஒரு சின்ன வெட்டு விரலையே எடுக்கும் நிலைக்குக் கொண்டுபோகும். நர்ஸோ பாத மருத்துவரோதான் வெட்ட வேண்டும். கால் விரலிடுக்கை நன்றாக உலர்த்தச் சொல்லுங்கள். அங்கே கிரீம் வேண்டாம்.

வாயை நான் குளியலுக்கு மேலே வைப்பேன். குளிக்காததால் யாரும் சாவதில்லை. வாய் அழுக்கு நுரையீரலுக்குள் போய் நிமோனியா வந்து இறக்கிறவர்கள் உண்டு, அதிலும் விழுங்குவதில் சிரமம் இருக்கும் பக்கவாதக்காரர்கள். ஜப்பானில் 11 முதியோர் இல்லங்களில் இரண்டு வருடம் கவனித்து 2002-ல் வெளியிட்ட ஆய்வில், ஒவ்வொரு சாப்பாட்டுக்குப் பிறகும் வாயைச் சுத்தம் செய்துவிட்டவர்களில் 11 சதவீதம் பேருக்கு நிமோனியா வந்தது. அப்படிச் செய்யாதவர்களில் 19 சதவீதம் பேருக்கு வந்தது. உங்கள் அம்மாவுக்கு இடது பக்கம் உணர்ச்சி இல்லாததால் சாப்பாடு இடது கன்னத்தில் ஒதுங்கி அங்கேயே ஊறும். சாப்பிட்டு முடித்ததும் நிமிர்த்தி உட்காரவைத்து, மென்மையான பிரஷால், பட்டாணி அளவு பேஸ்ட் வைத்து, அந்தக் கன்னத்தைத் துழாவி எடுக்க வேண்டும். படுத்த நிலையில் வாயில் தண்ணீர் ஊற்றவே கூடாது. செயற்கைப் பல் இருந்தால் இரவில் கழற்றி, பிரஷும் லேசான சோப்புமாகத் தேய்த்து, சாதாரணத் தண்ணீரில் போட்டு வைக்க வேண்டும். சுடுதண்ணீரில் வளைந்துவிடும், பேஸ்ட் போட்டால் கீறல் விழும். பல்லில் பேர் பொறித்து வாங்குங்கள். துவைக்கப் போன போர்வையோடு பல்செட் காணாமல் போவது எல்லா இல்லத்திலும் நடக்கிறது. ஆறு மாதம் பல் இல்லாமல் இருந்தால் பிறகு ஈறு சுருங்கிப் பழைய செட் பொருந்தாது.

படுக்கைப்புண்ணைப் பற்றிக் குடும்பத்தார் தெரிந்துகொள்ள வேண்டியது ஒன்று உண்டு. "சிவந்திருக்கிறதா பாருங்கள்" என்று புத்தகங்கள் சொல்லும். நம் நிறத்தில் சிவப்பு சரியாகத் தெரியாது. வால் எலும்பின் மேல், இடுப்பின் பக்கவாட்டில், குதிகாலில் சுற்றியிருக்கும் தோலைவிடக் கறுத்தோ ஊதாவாகவோ ஒரு திட்டு, தொட்டால் சூடு, கல்லுப் போலவோ மாறாகக் கொழகொழவென்றோ இருந்தால் அதுவே தொடக்கம். அந்த இடத்தில் எண்ணெய் தேய்த்து நீவிவிடுவது நம் பழக்கம்; செய்யாதீர்கள், உள்ளே ஏற்கெனவே நசுங்கிய திசு இன்னும் கெடும். பக்கம் மாற்றிப் படுக்கவைப்பதும் குதிகாலைத் தலையணையால் தூக்கி வைப்பதும்தான் மருந்து. வாரத்துக்கு ஒருமுறையாவது தலை முதல் கால் வரை தோலைப் பார்த்து யார் கையெழுத்துப் போடுகிறார்கள் என்று கேளுங்கள். குளியல் நேரம்தான் அதற்கு ஏற்ற நேரம். இரவில் தாங்க முடியாத அரிப்பும் விரலிடுக்கில் பொரியும் இருந்தால் சிரங்கு. ஒருவருக்கு மட்டும் மருந்து போட்டுப் பயனில்லை. கூட இருக்கிறவர்கள், கேர்கிவர், அடிக்கடி வந்து தொடும் நீங்கள் எல்லோரும் ஒரே நாளில் போட்டாக வேண்டும்.

தண்ணீர் இல்லாத நாளுக்கு இல்லத்தில் என்ன ஏற்பாடு என்பதும் இங்கே தேவையில்லாத கேள்வி இல்லை. 2022 ஏப்ரல் வெள்ளத்தில் டொங்காட் நீர்ச் சுத்திகரிப்பு நிலையம் கெட்டு, அந்த ஊர் மாதக்கணக்கில் குழாய்த் தண்ணீர் இல்லாமல் இருந்தது எல்லோருக்கும் தெரியும். லோட் ஷெடிங் என்ற மின்வெட்டில் கீசர் ஆறிப்போய், பச்சைத் தண்ணீரில் கழுவியதால் குளியலையே வெறுத்தவர்களும் உண்டு. தண்ணீர் சேமிக்கும் ஜோஜோ டேங்க் இருக்கிறதா, வென்னீருக்கு கேஸ் இருக்கிறதா என்று பாருங்கள். ஒரு பேசின் வென்னீரில் ஒருவரை முழுக்கத் துடைத்துவிடலாம்: கண் முதலில், சோப்பில்லாமல், மூக்குப் பக்கத்திலிருந்து வெளியே, பிறகு முகம், கை, மார்பு, கால், முதுகு. கீழ்ப்பகுதிக்கு மட்டும் தண்ணீரையும் துணியையும் மாற்ற வேண்டும்.

கேர்கிவர் பெண்களைப் பற்றி. சாட்ஸ்வொர்த் இல்லங்களுக்கு உம்லாசியிலிருந்தும், ஃபீனிக்ஸுக்கு இனாண்டா, க்வாமாஷுவிலிருந்தும் விடியுமுன் டாக்ஸி பிடித்து வருகிறவர்கள் நிறையப் பேர். சம்பளம் குறைவு, வேலை இடுப்பை ஒடிக்கும். மூத்தவர்களை மரியாதையாக, சுலு மொழியில் "கோகோ" (பாட்டி), "உம்குலு" (தாத்தா) என்று அழைத்து வளர்ந்தவர்கள். அந்த மரியாதை நம் பெரியவர்களுக்கும் இயல்பாகவே கிடைக்கும், நாம் அவர்களை வேலைக்காரியாக நடத்தாதவரை. ஒருவரோடு பேர் சொல்லிப் பழகுங்கள். உங்கள் அம்மா வீட்டில் யாராக இருந்தார், ஆயாவா அவ்வாவா, எப்படிக் கூப்பிட்டால் திரும்பிப் பார்ப்பார் என்று சொல்லுங்கள். மறதி முற்றும்போது பலர் பிற்பாடு கற்ற ஆங்கிலத்தை இழந்து, சின்ன வயதில் கரும்புத் தோட்டத்து வீட்டில் பேசிய தமிழுக்கே போய்விடுகிறார்கள். அதனால் "தண்ணி", "வலிக்குதா", "சூடா இருக்கா", "போதுமா", "வாங்கம்மா" என்ற ஐந்தையும் ஆங்கில எழுத்தில் பெரிதாக எழுதிக் கட்டில் தலைமாட்டில் ஒட்டுங்கள். என்னிடம் பயிற்சிக்கு வந்த சுலு பெண்கள் இதை ஒரு வாரத்தில் பிடித்துக்கொள்வார்கள்.

அதோடு ஒரே ஒரு பக்கத்தில் அம்மாவைப் பற்றி எழுதிக் கொடுங்கள். எந்த நேரம் குளிப்பார், தலைக்கு எந்த நாள், எந்தப் பக்கம் தோள் வலி, பெண்கள்தான் தொட வேண்டும், தண்ணீரில் கழுவ வேண்டும், பொட்டு உண்டா இல்லையா, நைட்டியின் மேல் ஒரு துப்பட்டாவோ பழைய சேலைத் துண்டோ போட்டால்தான் வெளியே உட்காருவார் என்பது மாதிரி. நீளமாக எழுதினால் யாரும் படிக்க மாட்டார்கள். ஒரு பிரதி ஃபைலில், இன்னொன்று அலமாரிக் கதவின் உட்பக்கத்தில்.

இத்தனையும் கேட்டு, சிஸ்டரோடும் மேட்ரனோடும் உட்கார்ந்து பேசி, தேதி போட்டு எழுதி வாங்கியும் ஒன்றும் மாறவில்லை என்றால் சட்டம் உங்கள் பக்கம் இருக்கிறது. தென்னாப்பிரிக்காவின் 2006-ஆம் ஆண்டு முதியோர் சட்டம் 2010 ஏப்ரலிலிருந்து நடைமுறையில் உள்ளது. இல்லம் பதிவு செய்யப்பட்டிருக்க வேண்டும், குடியிருப்போர் குழு ஒன்றும் இருக்க வேண்டும். உங்கள் முதல் புகார் அந்தக் குழுவுக்கே போகலாம். அடிப்பது மட்டும் துன்புறுத்தல் இல்லை. நம்பி விட்ட இடத்தில் செய்ய வேண்டியதைச் செய்யாமல் விட்டு, அதனால் கெடுதலோ மனவேதனையோ வந்தால் அதுவும் அந்தச் சட்டப்படி துன்புறுத்தல்தான். சந்தேகம் வந்தாலே சமூக மேம்பாட்டுத் துறைக்கோ போலீசுக்கோ தெரிவிக்க வேண்டும். புண்ணைத் தேதியோடு படமெடுத்து வையுங்கள், அம்மாவின் முகம் அதில் வர வேண்டாம். புகார் சொன்னால் அம்மாவிடம் காட்டுவார்களோ என்று பலர் வாயை மூடிக்கொள்கிறார்கள். என் அனுபவத்தில், அடிக்கடி வந்து, மரியாதையாக, ஆனால் விடாமல் கேட்கிற பிள்ளைகளின் பெற்றோர்தான் நன்றாகக் கவனிக்கப்படுகிறார்கள்.

இந்த வாரம் போகும்போது இரண்டைப் பார்த்துவிட்டு எழுதுங்கள்: இடது உள்ளங்கை எப்படி இருக்கிறது, வால் எலும்பின் மேல் தோல் எப்படி இருக்கிறது. திறந்த புண்ணோ, கறுத்த திட்டோ இருந்தால் என் பதிலுக்குக் காத்திருக்காமல் அன்றே டாக்டரை வரச் சொல்லுங்கள்.